இருப்பில் உள்ளது: ஐந்து

அந்தப் பள்ளிக்கூடத்தில் எதற்கும் குறைச்சல் கிடையாது. இரண்டு மாடிக் கட்டடம், வகுப்புக்கு நாலு மின்விசிறி, இருபது கம்ப்யூட்டர் வைத்த ஏசி அறை, தலைவாசலுக்கு மேலே ஊருக்கே நேரம் சொல்லும் பெரிய கடிகாரம். தண்ணீர்த் தொட்டி தொடங்கிப் பூந்தொட்டி வரைக்கும் எல்லாவற்றிலும் ஒரு கருங்கல் பலகை பதித்திருக்கும். அதில் 'சுரங்கத்தின் அன்பளிப்பு' என்று செதுக்கியிருக்கும். பூந்தொட்டியில் செடியைவிடப் பலகைதான் பெரிதாகத் தெரியும். கழிப்பறைக் கதவைக்கூட விட்டுவைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

இல்லாதது ஒன்றே ஒன்றுதான். கணக்கு டீச்சர்.

இருந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்றால், எதிரே தெரிகிறதே மலை, அங்கேதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அந்த மலையில் இரும்புத் தாது வெட்ட ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து ஊரில் வெள்ளைச் சட்டை என்று ஒன்று கிடையாது. எதைத் துவைத்துக் காயப்போட்டாலும் சாயங்காலத்துக்குள் செம்புழுதி படிந்து ரோஸ் நிறமாகிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டல் கழித்தல் ஒழுங்காகத் தெரிந்த ஆள் ஒருவர் ஊருக்குள் வந்துவிட்டால் சுரங்கத்துக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ தெரியாது. முதலில் போன கணக்கு வாத்தியார் டைம் கீப்பர் ஆனார். அடுத்தவர் லாரி எடைமேடைக்குப் போனார். மூன்றாவது ஆள் ஸ்டோர் கீப்பர். நாலாவது சர்வே. ஐந்தாவதாக வந்த பெண், பாவம், நாலு மாசம்தான் கரும்பலகையைப் பார்த்தாள். இப்போது கண்ட்ரோல் ரூமில் எட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சம்பளம் மூன்று மடங்கு, குழாயில் தண்ணீர் வரும் குவார்ட்டர்ஸ். யாரைக் குறை சொல்வது?

தலைமை ஆசிரியை யாரையும் குறை சொன்னதில்லை. ஊர் அவரைப் பெரிய டீச்சர் என்று கூப்பிடும். ஆள் என்னவோ ஐந்தடிதான். ஆனால் அவர் குடையை ஊன்றிக்கொண்டு நடந்து வரும் சத்தம் கேட்டால், சுரங்கத்து டிப்பர் லாரிக்காரர்கள்கூட ஹாரனில் இருந்து கையை எடுத்துவிடுவார்கள். முப்பது வருஷமாக வரலாறு நடத்துகிறவர். கணக்குக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஏழு மாதமாகக் கணக்கு டீச்சர் இல்லாததால் பத்தாம் வகுப்புக்கு அவரே போனார். கணீரென்ற குரலில் கேள்வியை வாசிப்பார். பதில் வராது. பிறகு விளையாட்டு வாத்தியார் வந்து புத்தகத்தில் இருப்பதைப் பலகையில் அப்படியே எழுதிப் போடுவார்.

இந்த லட்சணத்தில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. பள்ளிக்குப் புதிதாகப் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவு ஒதுக்கியிருந்தார்கள். எட்டு வருஷமாக நடையாய் நடந்து வாங்கிய பிரிவு. மூன்று மாதத்தில் அதிகாரி நேரில் வருவார். தகுதியுள்ள கணக்கு ஆசிரியர் அதுவரை தினமும் வகுப்பு எடுத்ததற்கு வருகைப் பதிவேடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரிவு வேறு ஊருக்குப் போய்விடும்.

போனால் என்ன ஆகும் என்பது டீச்சருக்கு நன்றாகத் தெரியும். அறிவியல் பிரிவு இல்லாமல் டிப்ளமோ கிடையாது. டிப்ளமோ இல்லாமல் சுரங்கத்தில் ஆபரேட்டர் வேலை கிடையாது. தினமும் காலை ஆறு மணிக்கு வெளியூரிலிருந்து நாலு பஸ் நிறைய டெக்னீஷியன்கள் வந்து இறங்குவார்கள். அதே நேரத்தில் இந்த ஊர்க்காரர்கள் விளக்குமாறும் சட்டிக்கூடையுமாகப் பின்வாசல் வழியாக உள்ளே போவார்கள். மலை நம்முடையது, புழுதி நம்முடையது, இருமல் நம்முடையது, வேலை மட்டும் அடுத்தவனுடையதா? இதை நினைத்தாலே டீச்சருக்கு வயிறு எரியும்.

வருஷா வருஷம் சுரங்கத்தின் நலப்பிரிவு ஒரு படிவம் அனுப்பும். தேவைப் பட்டியல் என்று பெயர். பொருள், விவரம், எண்ணிக்கை, எப்போது தேவை என்று நாலு கட்டம். கடிதம் வந்த அதே வாரத்தில் அதுவும் வந்து சேர்ந்தது. டீச்சர் பேனாவைத் திறந்தார்.

பொருள்: கணக்கு டீச்சர். விவரம்: உயிருடன் இருக்க வேண்டும். சாக்பீஸ் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். புதிது தேவையில்லை, எங்களிடமிருந்து எடுத்துச் சென்ற பழையதே போதும். எண்ணிக்கை: 1. எப்போது தேவை: ஏழு மாதத்துக்கு முன்பு.

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த மணியக்கா எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கு மணி அடிக்கிறவள் அவள்தான். இருபது வருஷத்தில் ஒரு நாளும் ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. அவளுடைய ஒரே மகள் அந்தப் பத்தாம் வகுப்பில்தான் படித்தாள்.

"ஐயோ டீச்சரம்மா, வம்பை வெலை கொடுத்து வாங்குறீங்களே! அடுத்த வருஷம் பூந்தொட்டிகூடத் தர மாட்டாங்க."

"பூந்தொட்டியா? உங்க பொண்ணு பூந்தொட்டியப் பாத்து இஞ்சினீயர் ஆயிடுவாளா?"

மணியக்கா துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "அவ ராத்திரி பகலா புத்தகத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா டீச்சரம்மா. புரியலன்னு அழுவுறா. நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்கிறது? எனக்கு மணி பாக்க மட்டும்தான் தெரியும்."

"கொண்டு போய்த் தபால்ல போடுங்க" என்றார் டீச்சர்.

இப்போது சுரங்கத்தின் நடைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நலப்பிரிவில் யாரும் எதையும் படிப்பதில்லை. எந்தப் படிவம் வந்தாலும் நேராக ஸ்டோருக்குத் தள்ளிவிடுவார்கள். ஸ்டோரில் அந்தப் பொருள் இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். இருந்தால் அங்கிருந்தே கொடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால்தான் வெளியில் வாங்குவது. இந்த முத்திரையைக் கையில் வைத்திருந்தவர் யார் தெரியுமா? பள்ளியிலிருந்து மூன்றாவதாகப் போன அதே கணக்கு வாத்தியார்!

அவருக்கு ஊரில் அரைமார்க் சார் என்று பெயர். ஒரு பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கும்படி எழுதியிருந்தாலும், கோடு கோணலாகப் போட்டிருக்கிறாய் என்று அரை மார்க்கைக் குறைத்துவிடுவார். கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார், அழுதாலும் கொடுக்க மாட்டார். பாரபட்சமே கிடையாது. தன் அண்ணன் மகனுக்கே குறைத்தவர்.

படிவம் போன இரண்டாம் நாள் மதியம் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் பறந்து வந்தார். சுரங்கத்துப் பச்சைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா, கையில் அந்தப் படிவம்.

"என்ன டீச்சர் இது? விளையாடுறீங்களா?"

"வாங்க சார். உக்காருங்க. கையெழுத்து புரியலையா?"

"நல்லாப் புரியுது. ஸ்டோர்ல ஆளாளுக்கு வாசிச்சு வாசிச்சுச் சிரிக்கிறாங்க. 'சார், உங்கள எந்த ரேக்குல வெக்கிறது, பேரிங் பக்கமா, பெல்ட் பக்கமா'ன்னு ஒருத்தன் கேக்கிறான். என் மானமே போச்சு."

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அரைமார்க் சார் முகம் இன்னும் கடுத்தது.

"சிரிக்காதீங்க. நாளைக்குள்ள நான் முத்திரை வெச்சாகணும். ரெண்டே முத்திரைதான். 'இருப்பில் உள்ளது', இல்லன்னா 'இருப்பில் இல்லை'. எதை வெக்கிறது?"

"என்னைக் கேட்டா? ஸ்டோர் கீப்பர் நீங்களா, நானா?"

"நான் போனது தப்புன்னு குத்திக் காட்டுறீங்க. அதானே? ரெண்டு பொம்பளப் பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு ஒழுகுற வீட்ல எத்தன நாள் இருக்கிறது டீச்சர்?"

"தப்புன்னு நான் எப்ப சொன்னேன்? நீங்க போன அன்னிக்கு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினது யாரு?" டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நான் கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான் சார். அங்க கணக்கு டீச்சர் இருக்காங்களா, இல்லையா?"

அவர் பார்வை வெளியே போனது. ஜன்னல் வழியாக எதிரே பத்தாம் வகுப்பு தெரிந்தது. விளையாட்டு வாத்தியார் பலகை நிறைய எதையோ எழுதிவிட்டு, தானே அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு பிள்ளைகள் குனிந்து அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அரைமார்க் சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் முன்னும் பின்னும் நகர்ந்தார்.

"மூணாவது வரி தப்பு டீச்சர்."

"அப்படியா?"

"மைனஸ விட்டுட்டாரு. அதுக்குக் கீழ இருக்கிறது எல்லாமே தப்பு. பாருங்க, அந்தப் பிள்ளைங்க அதையே எழுதுதுங்க!"

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான் சரித்திரம். உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் எழுந்தார். படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். டீச்சருக்கு அன்று சாயங்காலம் வரை வேலை ஓடவில்லை. வாய்த்துடுக்கால் கெடுத்துக்கொண்டோமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் படிவத்தில் முத்திரை விழுந்தது. 'இருப்பில் உள்ளது.' பக்கத்தில் சிவப்பு மையில் எண்: 5.

இருப்பில் உள்ளது என்று முத்திரை விழுந்துவிட்டால் அப்புறம் அந்தக் காகிதத்தை யாராலும் நிறுத்த முடியாது. வழங்கல் சீட்டு தானாக வரும், கேட் பாஸ் தானாக வரும். எல்லாம் மேனேஜர் மேஜைக்குப் போகும். அவர் ஒரு நாளைக்கு நூற்றைம்பது கேட் பாஸில் கையெழுத்துப் போடுகிறவர். பம்ப், பல்ப், பெயிண்ட் டப்பா, கணக்கு டீச்சர். மனிதர் போனில் பேசிக்கொண்டே எல்லாவற்றிலும் சர் சர்ரென்று போட்டுவிட்டார்.

கேட்டில் நடந்ததை அப்புறம் செக்யூரிட்டியே பள்ளிக்கு வந்து டீச்சரிடம் கை கால் ஆட்டிச் சொன்னார்.

"பாஸைக் காட்டினாரும்மா. 'பொருள் எங்க சார்'னு கேட்டேன். 'நான்தான்'னாரு. 'சார், வெயில் ஜாஸ்தி, கொஞ்சம் நெழல்ல உக்காருங்க'ன்னேன். அப்புறம் பாத்தா மேனேஜர் கையெழுத்து! நான் என்னம்மா பண்றது? திரும்ப வர்ற பொருளா, வராத பொருளான்னு கேட்டேன். திரும்ப வர்ற பொருள், நாலு மணிக்குன்னாரு. எடைக் கட்டத்த நெரப்பாம விட முடியாதே. கேட்டேன். எழுபத்திரண்டு கிலோன்னாரு. எழுதிக்கிட்டு விட்டுட்டேன்."

அரைமார்க் சார் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவர் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. நேராகப் பலகைக்குப் போனார். விளையாட்டு வாத்தியார் அதே கணக்கை அதே தப்போடு மறுபடி எழுதிப் போட்டிருந்தார். மூன்றாவது வரியில் ஒரு சின்னக் கோடு போட்டார். அதற்குக் கீழே இருந்ததையெல்லாம் கைக்குட்டையால் அழித்தார். "இப்ப உக்காருங்க. இந்தக் கோடு எங்கிருந்து வந்துச்சுன்னு யாரு சொல்றா?" என்றார்.

வராந்தாவில் குடையும் கையுமாக நின்ற பெரிய டீச்சருக்குச் சாக்பீஸ் சத்தம் கேட்டது. கணக்குத் தெரிந்த கை எழுதும் சத்தத்தைக் கேட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. அங்கேயே கடைசி வரை நின்றுகொண்டிருந்தார். கால் வலித்தது தெரியவில்லை.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் மேனேஜர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

மேனேஜர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மலையின் மாதிரி ஒன்று இருந்தது. படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நிறம் பூசி, எந்த வருஷம் எதைத் தோண்டுவது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் அரைமார்க் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. டீச்சர் அதைக் கவனித்தார். இந்த மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமா?

"உக்காருங்க டீச்சர்" என்றார் மேனேஜர். கெட்ட மனிதர் அல்ல. களைத்துப்போன மனிதர். "நேத்து ரெண்டு மணி நேரம் ஸ்டோர் ஜன்னல் மூடிக் கெடந்துச்சு. ஒரு பேரிங்குக்காகக் கீழ பம்ப் நாப்பது நிமிஷம் நின்னு போச்சு. விசாரிச்சா, ஸ்டோர் கீப்பரையே கேட் பாஸ் போட்டு வெளிய அனுப்பியிருக்காங்க. அதுவும் என் கையெழுத்துல! படிக்காம போட்டுத் தொலைச்சிருக்கேன்."

"படிக்காம எழுதுறவங்கள நாங்க பள்ளிக்கூடத்துல ஃபெயிலாக்குவோம் சார்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் டீச்சர். அரைமார்க் சார் கண்ணை மூடிக்கொண்டார்.  மேனேஜர் அவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க. எந்த தைரியத்துல இருப்பில் உள்ளதுன்னு முத்திரை வெச்சீங்க?" என்றார்.

"இருக்குதே சார். அஞ்சு பேரு இருக்கோம்."

"கிண்டலா?"

"இல்ல சார்." அவர் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "ஆறு வருஷமா உங்க ஸ்டோர்ல ஒரு நட்டு கொறஞ்சதில்ல. ஆடிட்டுக்கு வந்தவங்க எண்ணிப் பாத்துட்டு எனக்கே கை கொடுத்துட்டுப் போனாங்க. ஏன்னா நான் இருக்கிறத இருக்குன்னும் இல்லாதத இல்லன்னும்தான் எழுதுவேன். அன்னிக்கு இல்லன்னு எழுதியிருந்தா அதுதான் என் மொதப் பொய். அதுக்கப்புறம் நான் எழுதுற மத்தத நீங்க எப்படி நம்புவீங்க?"

  இந்த மனிதர் தன் பள்ளியில் பாடம் எடுத்தவர் என்று டீச்சருக்கு அந்த நிமிஷம் ஏற்பட்ட பெருமை கொஞ்ச நஞ்சமல்ல.

டீச்சர் எழுந்து கண்ணாடிப் பெட்டியருகே போனார். "இதுல கடைசி அடுக்கு எப்ப சார் முடியும்?"

"இன்னும் பத்தொம்பது வருஷம்" என்றார் மேனேஜர். அதைச் சொல்லும்போது அவருக்கும் கொஞ்சம் பெருமைதான்.

"என் பத்தாங்கிளாஸ் பிள்ளைக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு. அதுவரைக்கும் உங்க பின்வாசல்ல சட்டிக்கூடை தூக்கி இடுப்பு ஒடிஞ்சு நிப்பான். நீங்க லாரிய எடுத்துக்கிட்டு வேற மலைக்குப் போயிடுவீங்க. எங்ககிட்ட என்ன சார் இருக்கும்? ஒரு பள்ளமும் நூத்தி எட்டுப் பூந்தொட்டியும் இருக்கும். மலைய எடுத்துக்குங்க சார், அது மண்ணு, எடுத்தா தீரும். கணக்குத் தெரிஞ்சவங்களையும் சேத்து எடுத்தீங்கன்னா, அடுத்து ஒருத்தன் முளைக்கவே மாட்டானே! உங்க பம்ப் நாப்பது நிமிஷம் நின்னதுக்கு என்னைக் கூப்பிட்டுட்டீங்க. என் வகுப்பு ஏழு மாசம் நின்னுச்சு. நான் யாரைக் கூப்பிடுறது?"

மேனேஜர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "ஸ்டோர மூட முடியாது டீச்சர். அது நடக்காது."

"மூடச் சொல்லல." டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட கால அட்டவணை. ஐந்து பேர், அவரவர் ஷிஃப்ட், யாருக்கு எப்போது ஓய்வு என்று ஆறு நிறத்தில் கட்டம். "ஆளுக்கு வாரத்துல ஒரு நாள். ரெண்டு மணி நேரம். ஷிஃப்ட்டுக்கு முன்னாடியோ பின்னாடியோ. நீங்க பாஸ் மட்டும் போட்டா போதும்."

அரைமார்க் சார் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருப்பாரா?

"டீச்சர், வியாழக்கெழம ஒதைக்குது. கண்ட்ரோல் ரூம் டீச்சர ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல போட்டிருக்கீங்க."

"அய்யய்யோ!"

"செவ்வாய்க்கெழம எடைமேடை சாரும் வர முடியாது, அவருக்கு அன்னிக்கு லோடு நாள்." பையிலிருந்து பென்சிலை எடுத்து, மேனேஜர் மேஜை மேலேயே குனிந்து, நாலு கட்டத்தை அழித்து நாலு அம்புக்குறி போட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "இப்ப பாருங்க. எந்த ஜன்னலும் மூட வேணாம், ஒரு பீரியடும் விட்டுப்போகாது."

மேனேஜர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பென்சிலைப் பார்த்தார். கடைசியில் டிராயரைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து டீச்சர் பக்கம் தள்ளினார்.

"எங்க விதிப்படி, ஸ்டோர்ல இருந்து ஒரு தடவ போன பொருளத் திரும்ப எடுக்கணும்னா, வாங்கினவங்க தேவையில்லன்னு இதுல கையெழுத்துப் போடணும். போடுறீங்களா?"

டீச்சர் சீட்டைத் தொடக்கூட இல்லை. "பொருள் நல்லா இருக்கு சார். தேவையில்லன்னு நான் எப்படிப் பொய் எழுதுறது?"

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்று சீட்டை டிராயரில் போட்டு மூடினார். "ஆனா ஒண்ணு. இனிமே எல்லா பாஸையும் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

அதிகாரி சொன்ன நாளில் வந்தார். வியாழக்கிழமை. கண்ட்ரோல் ரூம் டீச்சருடைய முறை. முதல் ஷிஃப்ட் முடிந்த சங்கு ஊதியதும் உடை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், முழங்கால் வரை செம்புழுதி. அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கேட்டார். வருகைப் பதிவேட்டில் ஐந்து வெவ்வேறு கையெழுத்துகளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"இவங்களுக்கெல்லாம் சம்பளம் யாரு தர்றா?"

"உங்க கடிதத்துல அத யாரும் கேக்கலையே சார்" என்றார் பெரிய டீச்சர்.

அவர் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்கவில்லைதான். ஐந்து பேரின் சான்றிதழ்களையும் சரிபார்த்துவிட்டு, அறிவியல் பிரிவு நிற்கும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். அன்று மணியக்கா அடித்த கடைசி மணி ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு உடைந்துவிடுமோ என்று டீச்சரே பயந்துபோனார்.

வருஷம் ஐந்து ஓடிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ, பயிற்சி என்று அந்த முப்பத்தொரு பேரும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். சுரங்கம் டெக்னீஷியன் தேர்வு வைத்தபோது எண்ணூறு பேர் எழுதினார்கள். தேறியவர்களில் ஏழு பேர் இந்தப் பள்ளிப் பிள்ளைகள்.

வேலையில் சேரும் நாளன்று காலையில் பெரிய டீச்சர் சுரங்கத்து முன்வாசலுக்கு எதிரே, டீக்கடை ஓரமாகக் குடையை விரித்துக்கொண்டு நின்றார். யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று நினைப்பு. அந்தக் குடையை ஊரில் தெரியாதவன் யார்? ஆறு மணிக்கு வெளியூர் பஸ் வந்தது. நாலு பஸ் வந்த இடத்தில் இப்போது மூன்றுதான். அதற்குப் பின்னால் ஏழு பேரும் ஊரிலிருந்து நடந்தே வந்தார்கள். புதுப் பச்சைச் சட்டை, புது ஷூ. முன்னால் வந்தது மணியக்காவின் மகள். பழக்கதோஷத்தில் பின்வாசல் பக்கம் திரும்பப் போனவளை, செக்யூரிட்டி கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, "அந்தப் பக்கம் இல்லம்மா, இந்தப் பக்கம்" என்று முன்வாசலை அகலத் திறந்துவிட்டார்.

அன்று பள்ளியில் முதல் மணி பன்னிரண்டு நிமிஷம் பிந்தி அடித்தது. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. டீச்சர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணியக்காவின் கண் சிவந்திருந்தது. டீச்சரின் கண்ணும் ஒன்றும் அதற்குக் குறைந்ததாக இல்லை.

மதியம் சுரங்கத்து ஜீப் வந்தது. டிரைவர் ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டோருக்கு எந்தச் சரக்கு வந்து இறங்கினாலும் அனுப்பியவர்களுக்குத் தருகிற வரவுச் சீட்டு. மூன்று நிற மையில், தெரிந்த கையெழுத்து.

பொருள்: டெக்னீஷியன். எண்ணிக்கை: 7. அனுப்பியவர்: பள்ளிக்கூடம். சேதாரம்: இல்லை. வகை: திரும்ப வராத பொருள் அல்ல, தினமும் சாயங்காலம் ஊருக்குத் திரும்பும். தரம்: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை.

டீச்சர் அதை நின்றுகொண்டே மூன்று தடவை படித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். சுவரில் பதித்திருந்த கருங்கல் பலகைகளை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்தப் பள்ளிக்கூடம் கொடுத்தது என்று வந்த முதல் சீட்டு இது. நாலாவது தடவை படிக்கும்போதுதான் கீழே பொடி எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது.

குறைப்பு: அரை. காரணம்: ஏழில் ஒருவர் ஹெல்மெட் பட்டையை மாட்டவில்லை.

"என்னது! என் பிள்ளைங்களுக்கு அரை மார்க்கக் கொறைக்கிறதா?" டீச்சர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே அடங்கிப்போனது. "மணியக்கா! அந்தக் குடையை எடுங்க. நான் ஸ்டோர் வரைக்கும் போயிட்டு வர்றேன்."